ஏழைப் பிள்ளைகளின் தலைமையாசிரியர் பெஸ்டலாசி

முன்னேர் செல்லும் வழியிலேயே பின்னேரும் செல்லும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உழவுக்குப் பொருந்தும் இவ்வுண்மை பள்ளிக்கும் நன்கு பொருந்தும். ஒரே வகையான வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் ஊக்கத்துடன் கற்று முன்னேறுகின்றனர். மற்றொரு பள்ளியில் சோர்ந்து பின்தங்குகின்றனர். பாடநூல் ஒன்றே, பாடத்திட்டமும் ஒன்றே. அங்ஙனமிருந்தும் இவ்வேற்றுமை தோன்றுவது ஏன்? அதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது தலைமை. பள்ளியை நடத்திச் செல்பவரின் உள்ளமும் உழைப்பும் முதலில் ஆசிரியர்களிடம் பரவுகின்றன. பின்னர் அவர்கள் வழியாகப் பிள்ளைகளைச் சென்றடைகின்றன. அவருடைய குறைகளும் அவ்வழியிலேயே சென்றடைகின்றன.

இவ்வுண்மையை ஒருவருடைய வாழ்க்கையிலேயே முழுமையாகக் காண விரும்புவோர் சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியாளர் பெஸ்டலாசியின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிந்த பெயர் அது. ஆயினும், அவர் வெற்றிகளை மட்டுமே நாம் பெரிதும் கேட்டிருக்கிறோம். அவர் தோல்விகளும் நமக்குப் பாடமாக அமைவன. ஆதலின் இரண்டையும் மறைக்காது ஈண்டுக் கூறுவோம்.

இளமைப் பருவம்

ஜோகான் ஹைன்ரிக் பெஸ்டலாசி 1746 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12 ஆம் நாள் ஜூரிக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு மருத்துவர். பெஸ்டலாசிக்கு ஐந்து வயது நிரம்பியபோது, 1751 இல், தந்தையார் காலமானார். பிள்ளைகளை வளர்க்கும் பெரும்பொறுப்புத் தாயார்மீது விழுந்தது. வருவாயோ மிகக் குறைவு.

அவ்வீட்டில் பாபெலி என்னும் பணிப்பெண் ஒருவர் இருந்தார். குடும்பத்தைக் கைவிடுவதில்லை என்று, இறக்குந் தறுவாயிலிருந்த தலைவருக்கு அவர் வாக்களித்தார். அவ்வாக்கை இறுதிவரை காத்தார். சந்தை கலையும் நேரம் பார்த்துச் சென்று மலிவாகக் காய்கறி வாங்குவார். ஆடையும் காலணியும் தேய்ந்துவிடும் என்பதற்காகப் பிள்ளைகளைத் தெருவில் விளையாடவும் விடமாட்டார். படிப்பறியாத அப்பெண்மணியின் தியாகம் சிறுவன் பெஸ்டலாசியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கல்வியின் முதற்பள்ளி வீடே என்றும், முதல் ஆசிரியர் தாயே என்றும் பிற்காலத்தில் அவர் வற்புறுத்தியதற்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

வீட்டிற்குள்ளேயே வளர்ந்தமையால் அவர் பிற சிறுவர்களைப் போலச் சுறுசுறுப்பாக விளையாட அறியார். தலை கலைந்திருக்கும், உடை ஒழுங்காக இராது, கையெழுத்தும் அழகாக இராது. உடன் படித்தோர் பட்டப்பெயர் சூட்டி அவரை நகையாடினர். எனினும், ஒருநாள் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆசிரியரும் மாணவரும் வெளியே ஓடிவிட்டபோது, உள்ளே சென்று அனைவருடைய தொப்பிகளையும் நூல்களையும் எடுத்து வந்தவர் அவரே என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கேலிக்கு ஆளான சிறுவன் கோழையாகவும் இருப்பான் என்று எண்ணுதல் தவறன்றோ?

அவருடைய பாட்டனார் ஹோங்க் என்னும் சிற்றூரில் சமயகுருவாக இருந்தார். அவருடன் ஏழைகளின் குடிசைகளுக்குச் சென்ற பெஸ்டலாசி, வறுமையின் கொடுமையை நேரிற் கண்டார். துள்ளித் திரியும் குழந்தைகள், வேலைத்தலத்திலும் பள்ளியிலும் அடைபட்டுச் சில ஆண்டுகளிலேயே களையிழந்து போவதைக் கண்டு அவர் உள்ளம் கசிந்தது. இவர்களுக்காக வாழ்வதே தம் கடமை என்ற எண்ணம் அப்போதே முளைவிட்டது.

நிலமும் நூலும்

முதலில் சமயகுருவாக விரும்பினார். பின்னர்ச் சட்டம் பயில முனைந்தார். இரண்டும் கைகூடவில்லை. உழவே ஏழைகளை உயர்த்தும் என்றெண்ணி வேளாண்மை பயின்றார். 1769 இல் அன்னா சுல்தெஸ் என்னும் நற்குண மங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவரைவிட எட்டு வயது மூத்தவர். வளமான குடும்பத்திற் பிறந்த அவர், வறுமையிலும் இகழ்ச்சியிலும் நாற்பத்தாறு ஆண்டுகள் கணவருக்குத் துணை நின்றார்.

பிர் என்னும் ஊரின் அருகே நிலம் வாங்கி, புதிய பண்ணை என்று பொருள்படும் நொய்ஹோப் என அதற்குப் பெயரிட்டார் பெஸ்டலாசி. சாயவேர் தரும் செடிகளைப் பயிரிட்டார். நிலம் வளமற்றது, விளைச்சல் பொய்த்தது, கடன் கொடுத்தோரும் நம்பிக்கையிழந்தனர். தாமே வறுமையில் வாடிய அந்நிலையில், 1774 இல், தம் வீட்டையே ஏழைப் பிள்ளைகளின் பள்ளியாக மாற்றினார். தெருவில் இரந்து திரிந்த பிள்ளைகளை அழைத்து வந்து உணவும் உடையும் அளித்தார். கோடையில் வயல் வேலை. குளிர்காலத்தில் நூல் நூற்றல். கைகள் வேலை செய்யும்போதே வாய் பாடம் சொல்லும். மனம் கணக்குப் போடும். உழைப்பும் கல்வியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும் என்பது அவர் திட்டம். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய அரவணைப்பில் வளர்ந்தனர்.

திட்டம் உயர்ந்தது, நடைமுறையோ தளர்ந்தது. பிள்ளைகள் நூற்ற நூல் சந்தையில் விலைபோகவில்லை. முரட்டு நூல் நூற்கவே பழகாத கைகளிடம் நயமான நூலை எதிர்பார்த்தது தம் பிழையென அவரே பின்னர் உணர்ந்தார். புத்தாடை கிடைத்தவுடன் சில பெற்றோர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துச் சென்றுவிட்டனர். 1780 இல் பள்ளி மூடப்பட்டது. மனைவியின் செல்வமும் கரைந்தது. ஊரார் அவரைப் பித்தர் என்றே பேசினர். நல்ல உள்ளம் ஒன்றே பள்ளியை நடத்திவிடாது. கணக்கும் ஒழுங்கும் படிப்படியான முறையும் வேண்டும் என்பது அவர் வாழ்வு தரும் முதற்பாடம்.

செயல் தடைப்பட்டபோது எழுதுகோலை ஏந்தினார். 1781 இல் லியோனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதைநூலின் முதற்பகுதி வெளிவந்தது. குடிப்பழக்கத்தால் கடன்பட்டு, மதுக்கடை நடத்தும் ஊர்த்தலைவனின் பிடியில் சிக்கிய ஒரு கொத்தனார். அவனையும் தன் குழந்தைகளையும் பொறுமையாலும் அறிவாலும் மீட்கும் அவன் மனைவி கெர்ட்ரூட். இவர்களைப் பற்றியது அக்கதை. அவள் நூல் நூற்றுக்கொண்டே குழந்தைகளுக்கு எண்ணும் எழுத்தும் கற்பிக்கிறாள். சன்னலின் கண்ணாடித் துண்டுகளும் நடக்கும் அடிகளும் அவளுக்குக் கணக்குப் பாடமாகின்றன. அவ்வூரில் பள்ளி நடத்த வரும் முன்னாள் போர்வீரர் ஒருவர், முதலில் அவள் வீட்டிற்குச் சென்று, அவள் பிள்ளைகளை வளர்க்கும் முறையைக் கண்டு கற்ற பின்னரே தம் பள்ளியை ஒழுங்குபடுத்துகிறார். பள்ளித் தலைவர் ஒருவர் ஏழைத் தாயிடம் பாடம் கேட்கும் இக்காட்சி அக்காலத்திற்கு மிகப் புதுமையானது. நூலின் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1792 இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அவரைத் தன் சிறப்புக் குடிமகனாக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. ஆயினும் பள்ளி நடத்தும் வாய்ப்பின்றிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

ஸ்டான்ஸ் நகரின் ஐந்து மாதங்கள்

1798 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரெஞ்சுப் படை நிட்வால்டன் பகுதியைத் தாக்கியது. ஸ்டான்ஸ் நகர் தீக்கிரையாயிற்று. தாய் தந்தையரை இழந்த குழந்தைகள் தெருவில் அலைந்தனர். அவர்களைக் காக்க அரசு ஓர் இல்லம் அமைக்க விழைந்தது; பெஸ்டலாசி அப்பொறுப்பை மனமுவந்து ஏற்றார்.

1799 ஜனவரி 14 ஆம் நாள், கன்னிமாடம் ஒன்றின் பகுதியில் அவ்வில்லம் தொடங்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது 53. கட்டட வேலை முடியவில்லை, சுவர்ப்பூச்சுத் தூசி எங்கும் பறந்தது, குளிரோ மிகுதி. வந்த குழந்தைகளோ சொறியும் சிரங்கும் பிடித்து, எலும்பும் தோலுமாய் நின்றனர். சிலர் எவரையும் நம்பாத பார்வையுடன் ஒதுங்கினர். விரைவில் அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 80 ஆயிற்று. உதவிக்கு வீட்டுவேலை பார்க்கும் ஒரு பெண்மணி மட்டுமே உண்டு. உதவி ஆசிரியர் எவருமிலர்.

பெஸ்டலாசி என்ன செய்தார்? தம் கையாலேயே குழந்தைகளைக் கழுவித் தூய்மை செய்தார். அவர்கள் உண்டதையே உண்டார். அவர்கள் நடுவிலேயே உறங்கினார். காலையில் அனைவருக்கும் முன் எழுந்து, இரவில் அனைவரும் உறங்கிய பின்னரே கண்ணயர்ந்தார். நோயுற்றோர் அருகில் அமர்ந்தார். அவர் வேறு சமயப் பிரிவினர். மேலும், அவ்வூரார் வெறுத்த அரசின் ஆளாக வந்தவர். ஆதலால் ஊரார் அவரை ஐயுற்றனர். அவர் அதனைப் பொருட்படுத்தாது பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெறுவதிலேயே கருத்தைச் செலுத்தினார்.

எண்பது பிள்ளைகளுக்கு ஒருவரே எங்ஙனம் கற்பிப்பது? ஓரளவு கற்ற பிள்ளையைக் கல்லாத இரு பிள்ளைகளுக்கு நடுவே அமர்த்தினார். கற்றதை மற்றவர்க்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். சொல்லிக் கொடுத்த பிள்ளையும் வளர்ந்தது. கேட்ட பிள்ளையும் வளர்ந்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிலும் ஒரே கொட்டகையில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்திய காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் சட்டாம்பிள்ளையாக இருந்த முதியோர் இம்முறையின் அருமையை நன்கறிவர்.

அவ்வாண்டு வசந்த காலத்தில் அண்மையிலிருந்த ஆல்டார்ப் நகரும் எரிந்தது. பெஸ்டலாசி பிள்ளைகளைத் தம்மைச் சுற்றி அமரச் செய்து அச்செய்தியைக் கூறினார். அங்கும் வீடிழந்த குழந்தைகள் இருப்பார்கள். அவர்களுள் சிலரை இங்கு அழைத்துக் கொள்ளலாமா என வினவினார். பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் இசைந்தனர். அவர் அத்துடன் விடவில்லை. இல்லத்தில் பணம் குறைவு. அவர்கள் வந்தால் நீங்கள் கூடுதலாக உழைக்கவேண்டும், குறைவாக உண்ணவேண்டும், ஆடையையும் பகிர்ந்துகொள்ள நேரிடும் என்று எடுத்துரைத்தார். அதன் பின்னரும் பிள்ளைகள் ஒருமனதாக அவர்களை அழைத்து வருமாறே வேண்டினர். சில மாதங்களுக்கு முன் ஒரு துண்டு ரொட்டிக்காகச் சண்டையிட்ட குழந்தைகள் இவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இவர்கள் பகிர்ந்துண்ணக் கற்றது, தம்முடன் பகிர்ந்துண்ட ஒருவரை நாள்தோறும் கண்டதனால்தான்.

ஜூன் 8 ஆம் நாள் போர் மீண்டும் குறுக்கிட்டது. காயமுற்ற படைவீரர்களுக்கு மருத்துவமனை அமைக்க அக்கட்டடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளுள் பெரும்பாலோர் கலைந்து சென்றனர். உடல் நலிந்து, உள்ளம் உடைந்து பெஸ்டலாசியும் வெளியேறினார். ஐந்து மாதங்களே நீடித்த அப்பள்ளி, கல்வி வரலாற்றில் அழியாத இடம் பெற்றுவிட்டது.

பர்க்டார்ப்: கண்ணால் கண்டு கற்றல்

சில வாரங்கள் ஓய்வுக்குப்பின் பர்க்டார்ப் நகருக்குச் சென்றார். நூலாசிரியராகப் புகழ்பெற்ற அவர், அங்கே ஏழைக் குடிமக்களின் பிள்ளைகள் படித்த சிறிய பள்ளியில் உதவியாளராகப் பணியேற்றார். அப்பள்ளியின் ஆசிரியர் காலணி தைக்கும் தொழிலாளர். புதிய முறையைக் கண்டு அவர் அஞ்சினார். பெற்றோரும், சோதனை செய்வதானால் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்யட்டும் என்று வெகுண்டனர். அவர்கள் அச்சத்தில் நியாயமில்லை என்று கூற இயலாது. ஏழைக்குத் தன் பிள்ளையின் படிப்பே முதல்; அது வீணாகிவிடுமோ என்று கலங்குவது இயல்பன்றோ?

ஆகவே அவர் அப்பள்ளியை விட்டுச் சிறு குழந்தைகளின் பள்ளி ஒன்றிற்கு மாறினார். அங்கே தம் முறையை அமைதியாகச் செயற்படுத்தினார். சொல்லை மனப்பாடம் செய்வதற்கு முன் பொருளைக் கண்ணாற் காணுதல் வேண்டும். காண்பதைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறுதல் வேண்டும். இவையே அவர் முறையின் அடிப்படை. வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாள் கிழிந்திருந்தது. அக்கிழிசலின் வடிவம், நீளம், நிறம் ஆகியவற்றைப் பிள்ளைகள் உற்று நோக்கி முழு வாக்கியங்களாகக் கூறினர். புதிய படம் வாங்கப் பணமில்லாத பள்ளியில் கிழிந்த சுவரே பாடநூலாயிற்று.

1800 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நகரப் பள்ளிக் குழுவினர் அப்பிள்ளைகளைச் சோதித்தனர். ஐந்து முதல் எட்டு வயதுடைய குழந்தைகள் மிகக் குறுகிய காலத்தில் வாசிப்பு, எழுத்து, வரைதல், கணக்கு ஆகியவற்றில் பெற்றிருந்த தேர்ச்சி அவர்களை வியப்பில் ஆழ்த்தியது. பாராட்டறிக்கை வழங்கி, அவரை உயர் பொறுப்பிலும் அமர்த்தினர். ஐயுற்றோரை வாயால் வெல்லாமல் பிள்ளைகளின் தேர்ச்சியால் வென்றார் பெஸ்டலாசி.

பின்னர் பர்க்டார்ப்க் கோட்டையில் தமக்கென ஒரு கல்விநிலையம் தொடங்கினார். போரினாலும் பஞ்சத்தினாலும் வாடிய கிழக்குப் பகுதிக் குழந்தைகளை அழைத்து வந்திருந்த க்ரூசி என்னும் இளம் ஆசிரியர் அவருடன் இணைந்தார். மேலும் சில ஆசிரியரும் சேர்ந்தனர். 1801 இல் கெர்ட்ரூட் தன் குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறாள் என்னும் நூலை வெளியிட்டுத் தம் முறையை உலகுக்கு விளக்கினார். 1804 இல் அக்கோட்டையை அரசுக்குத் திருப்பித் தரவேண்டியதாயிற்று.

இவர்டன்: உயர்வின் உச்சி

நோஷாடெல் ஏரிக்கரையிலுள்ள இவர்டன் நகரின் பழைய கோட்டையில் 1805 முதல் இருபது ஆண்டுகள் அவர் பள்ளி நடந்தது. அதன் சிறந்த ஆண்டுகளில் 150 அளவினரான மாணவர் அங்கே தங்கிப் படித்தனர். பிரஷ்ய அரசு தன் இளம் ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பியது. பிற்காலத்தில் குழந்தைத் தோட்டப் பள்ளியைத் தோற்றுவித்த ப்ரோபெல், 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றார். 1806 இல் பெண்பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது.

அப்பள்ளியில் நிலநூல் பாடம் எவ்வாறு நடந்தது என்று காண்போம். முதலில் வரைபடம் விரிப்பதில்லை. பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் சென்றனர். முழுவதையும் ஒருமுறை, பின்னர்ப் பகுதி பகுதியாக ஒருமுறை நோக்கச் செய்தனர். அங்கிருந்தே களிமண் எடுத்து வந்து, பள்ளிக்குத் திரும்பியபின் நீண்ட மேசைகளின்மீது தாம் கண்ட பள்ளத்தாக்கை மண்ணாலேயே உருவாக்கினர். நாள்தோறும் சிறிது சிறிதாக அது வளர்ந்தது. அதன் பின்னரே வரைபடத்தைக் கண்ணிற் காட்டினர். அப்போது அதன் ஒவ்வொரு கோடும் அவர்களுக்குப் பொருள் உணர்த்தியது.

மாணவர்கள் அவரைத் தந்தை பெஸ்டலாசி என்றே அழைத்தனர். ஆசிரியர்கள் மாணவரோடு விளையாடினர், நீந்தினர், மலையேறினர், அவர்களுடனேயே உறங்கினர். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பார்த்தலைத் தலைவர் விரும்பவில்லை. நேற்றைய நிலையிலிருந்து இன்று அப்பிள்ளை எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதே அவர் கேட்ட கேள்வி. ஆசிரியர்கள் அடிக்கடிக் கூடிப் பிள்ளைகளின் வளர்ச்சியையும் தம் கற்பித்தலையும் பற்றிக் கலந்துரையாடினர். தலைவர் ஒருவருடைய அன்பு பள்ளி முழுவதையும் ஒரு குடும்பமாக்கிய காலம் அது.

பிளவும் வீழ்ச்சியும்

இனிக் கூறப்போவது வருத்தம் தருவது. ஆயினும் அதனைக் கூறாது விட்டால் இவ்வரலாற்றின் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

பள்ளியின் புகழ் வளர வளரப் பார்வையாளர் கூட்டமும் வளர்ந்தது. பெருஞ்செல்வரோ அரச குலத்தினரோ வந்தால், அவர்கள் மனம்வைத்தால் ஏழைகளுக்குப் பள்ளிகள் பெருகுமே என்ற ஆவலில், பெஸ்டலாசி சிறந்த மாணவரைத் தேடி ஓடி அவர்கள்முன் நிறுத்துவார். அவர் நோக்கம் தூயது. ஆனால் பாடம் தடைப்பட்டது. காட்சிக்குரிய பாடங்கள் ஓங்கின, மற்றவை தேங்கின. ஜெர்மன் மொழி பேசுவோரும் பிரெஞ்சு மொழி பேசுவோரும் ஒரே பள்ளியிற் படித்தமையால் கற்பித்தலில் சிக்கல் மிகுந்தது. வரவு செலவுக் கணக்கும் ஒழுங்காக இல்லை.

அவரே வேண்டிக்கொண்டபடி 1809 இல் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பள்ளியை ஆராய்ந்தது. மறு ஆண்டு அதன் அறிக்கை வெளிவந்தது. தலைவரின் உயர்ந்த நோக்கத்தை அது போற்றியது. பள்ளியின் நடைமுறையில் பல குறைகளையும் சுட்டிக் காட்டியது. குறைகளைக் களைய அதுவே தக்க தருணம். ஆனால் அதற்குள் ஆசிரியர்களிடையே பிளவு தோன்றிவிட்டது.

நீடரர் என்பவர் பெஸ்டலாசியின் கருத்துகளைத் தத்துவமாக விளக்க வல்ல அறிஞர். ஷ்மிட் என்பவர் ஏழை மாணவனாக வந்து அப்பள்ளியிலேயே பயின்று கணக்கில் பெரும்புலமை பெற்ற ஆசிரியர், நிருவாகத்திலும் வல்லவர். ஒருவர் இல்லாது பள்ளியின் கருத்து விளங்காது. மற்றவர் இல்லாது பள்ளியின் கணக்கு நேராகாது. இருவரையும் ஒரே நுகத்திற் பூட்டி உழவைச் செலுத்துவது தலைவரின் கடமை. பெஸ்டலாசியால் அது இயலவில்லை. இன்று ஒருவர் பக்கம் சாய்ந்தார். நாளை மற்றவர் பக்கம் சாய்ந்தார். 1810 இல் ஷ்மிட் வெளியேறினார். 1815 இல் திரும்பி வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் இரு தரப்பாரையும் அன்பால் இணைத்து வந்த அன்னா அம்மையார் மறைந்தார். 1816 இல் முதற் தோழரான க்ரூசி கண்ணீருடன் பிரிந்தார். 1817 இல் நீடரரும் பிரிந்தார். பின்னர் வழக்குகள் தொடர்ந்தன. ஆண்டுகள் பல வீணாயின.

ஆசிரியர்கள் போரிட்டனர், இழப்பு அடைந்தோர் பிள்ளைகளே. நல்லாசிரியர் பிரிந்தனர், மாணவர் குறைந்தனர். ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் நாடி வந்த அப்பள்ளி 1825 இல் மூடப்பட்டது. அதே கோட்டை, அதே பாடமுறை, அதே பெயர். தலைமையில் உறுதி குலைந்தபோது அவற்றுள் எதுவும் பள்ளியைக் காக்கவில்லை.

முதியவரான பெஸ்டலாசி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தம் முதற்பள்ளியைத் தொடங்கிய நொய்ஹோப் பண்ணைக்கே, பேரன் வீட்டிற்குத் திரும்பினார். தம் இறுதி நூலொன்றில், பள்ளியை ஆளும் திறமை தம்மிடம் குறைவாக இருந்தது என்பதை ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். தம் தவற்றைத் தாமே உலகறியக் கூறிய அந்நேர்மையும் அவர் பெருமையின் ஒரு பகுதியே. 1827 பிப்ரவரி 17 ஆம் நாள், தம் 81 ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். பிர் நகரின் எளிய பள்ளிக்கூடத்தின் அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1846 இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, அங்கே நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பிறருக்காகவே அனைத்தையும் செய்து, தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாதவர் என்பதே அதில் பொறிக்கப்பட்ட புகழுரையின் பொருள்.

நாம் பெறும் படிப்பினை

அவர் பள்ளி மறைந்தது. அவர் வழி மறையவில்லை. இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளை குச்சிகளையும் மணிகளையும் எண்ணிக் கூட்டல் கற்கும்போதும், மாணவர்கள் ஆசிரியருடன் வெளியே சென்று செடிகொடிகளைக் கண்டு கற்கும்போதும் பெஸ்டலாசியின் கை அங்கே தெரிகிறது.

அன்பார்ந்த மாணவர்களே! கேலிக்கு ஆளானவனும், கையெழுத்து நன்றாயில்லாதவனும் உலகுக்கு ஆசானாகலாம். அறிந்ததை அறியாத நண்பனுக்குச் சொல்லிக் கொடுங்கள்; ஸ்டான்ஸ் நகரப் பிள்ளைகளைப் போல நீங்களும் அதனால் வளர்வீர்கள்.

பெற்றோர்களே! பால்மரக் காட்டிலும், தொழிற்சாலையிலும், கடையிலும் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் நீங்கள், எமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கிவிடுதல் கூடாது. கெர்ட்ரூட் நூல் நூற்றுக்கொண்டே பாடம் சொன்னாள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பிள்ளையிடம் எண்ணச் சொல்லிக் கேட்கலாம். பள்ளியில் கண்டதைக் கூறச் செய்து செவிமடுக்கலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

பள்ளியை நடத்தும் பொறுப்பிலுள்ள நாமும் நம்மை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், பள்ளி மேலாளர் வாரியத்தார் ஆகிய அனைவருக்கும் இவ்வரலாறு பொதுவானது. ஸ்டான்சில் கட்டடமில்லை, நூலில்லை, துணையாசிரியரில்லை. ஆயினும் பிள்ளைகள் உயர்ந்தனர். ஏனெனில் தலைவர் அவர்களுடனேயே இருந்தார். இவர்டனில் கோட்டையும் புகழும் அறிஞர்களும் இருந்தும் பள்ளி தாழ்ந்தது. ஏனெனில் பெரியோர் தமக்குள் பிரிந்து நின்றனர். கருத்து வேறுபாடு எங்கும் உண்டு. அது கூட்ட அறையில் தொடங்கிக் கூட்ட அறையிலேயே முடிதல் வேண்டும். வகுப்பறை வாசலைத் தாண்டி உள்ளே வருதல் கூடாது.

பெஸ்டலாசியின் அன்பை நாம் ஏற்போம்; அவர் இழந்த ஒற்றுமையை நாம் இழவாது காப்போம். முன்னேர் நேராகச் செல்லுமாயின் பின்னேர் தவறாது. நம் பள்ளிப் பிள்ளைகள் கல்வியிலும் பண்பிலும் சிறந்து விளங்குவாராக!